குழாய் குடித்த வாடை

கேஸுக்கு வாடை கிடையாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "ஸ்டவ்வைத் திருகினா மூக்கைத் துளைக்குது, வாடை இல்லையாம்ல!" என்று சிரிப்பார்கள். பூமிக்கடியிலிருந்து வரும் எரிவாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அறை முழுக்க நிறைந்து நின்றாலும் தெரியாது. கசிந்தால் ஜனங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, ஊருக்குள் குழாய் நுழையும் இடத்தில் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்துவிடுவோம். அழுகிய வெங்காயமும் கெட்ட முட்டையும் சேர்ந்த வாடை அது. அதைக் கலப்பதுதான் பதினாறு வருடம் என் வேலை. இப்போது அந்த வேலையில் நான் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மருந்து ஒரு துளி கையில் பட்டால் மூன்று நாள் போகாது. சட்டையில் பட்டால் சட்டை போனது போனதுதான். பஸ்ஸில் எவ்வளவு கூட்டமிருந்தாலும் என் பக்கத்து இடம் காலியாக இருக்கும். என் மனைவி வாசலில் ஒரு வாளி வைத்திருந்தாள். சட்டையைக் கழற்றி அதில் போட்டால்தான் வீட்டுக்குள் அனுமதி. "உங்க ஆபீஸை வெளியில விட்டுட்டு உள்ள வாங்க" என்பாள். எங்களுக்கோ ஒன்றும் தெரியாது. அந்த வாடையிலேயே ஒரு மணி நேரம் நின்றால் மூக்கு மரத்துவிடும். ஸ்டேஷனில் இருந்த ஆறு பேரும் ஊர் நாறும்படி நாறிக்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல் நிம்மதியாக வேலை பார்த்தோம்.

அதைக் கேவலமான வேலை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. குழாய் வருவதற்கு முன் ஊரில் பாதி வீடுகளில் விறகு, மீதி வீடுகளில் கரி. சமையலறைக்குள் நுழைந்தால் முகம் தெரியாது, இருமல்தான் கேட்கும். ஊர் எல்லையில் மின்நிலையமும் நிலக்கரியைத்தான் எரித்தது. காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் வீடு திரும்பும். அந்த மின்நிலையம் கேஸுக்கு மாறிய முதல் வருடம், எதிர்வீட்டு அம்மாள் மொட்டைமாடியில் கைவிரலால் தரையைத் தடவித் தடவிப் பார்த்ததை நானே பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம், என்னமோ நானே துடைத்துவிட்டதுபோல.

அதன் இன்னொரு முகமும் எனக்குத் தெரியும். எரிந்தால் நல்ல பிள்ளை. எரியாமல் தப்பித்து மேலே போனால் கரிப்புகையைவிட அதிகமாக வானத்தைச் சூடாக்கும் என்று எங்கள் இன்ஜினியரே சொல்வார். ஸ்டேஷனின் பழைய வால்வுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓயாமல் குமிழி வரும். "மெதுவாத்தானே போகுது" என்பார் அதே இன்ஜினியர். அறைக்குள் தேங்கினால் ஒரு பொறி போதும். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. புது இரும்புக் குழாய் வாடையைக் குடிக்கும். எவ்வளவு மருந்து கலந்து அனுப்பினாலும் புதுக் குழாயின் உட்சுவர் அதை உறிஞ்சிக்கொள்ளும். மறுமுனையில் கேஸ் வரும், வாடை வராது. அதனால் வீடுகளுக்குத் திறந்துவிடும் முன், பல நாள் அதிக மருந்தைச் செலுத்திக் குழாயின் தாகத்தைத் தீர்க்கவேண்டும். பிறகு ஒரு ஆள் கடைசி முனைக்குப் போய், சோதனைக் குழாயைத் திறந்து மோந்து பார்த்து, பதிவேட்டில் "வாடை உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த மூக்கும் என்னுடையதுதான்.

புதிதாகக் குழாய் போட்ட ஒரு தெருவின் கடைசி வீட்டில் ஒரு தையல்காரி இருந்தார். கணவர் பஸ் டிரைவர். ஒரே மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சோதனைக் குழாய் அவர்கள் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி இருந்தது. குழாய் போடும் நாட்களில் நான் அந்தப் பக்கம் போனாலே அந்த அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு மூக்கைப் பிடித்துக்கொள்வார். "வெங்காயத் தம்பி வந்தாச்சு, எல்லாரும் ஓடுங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். பிறகு மூக்கைப் பிடித்த கையை எடுக்காமலே மறுகையால் தண்ணீர்ச் சொம்பை ஜன்னல் வழியாக நீட்டுவார்.

பத்து நாள் குடிக்கவேண்டிய குழாய்க்கு ஆறு நாள்தான் கொடுத்தார்கள். திறப்புவிழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. "உன் மூக்கு என்ன சொல்லுதோ அதுதான்யா சட்டம். போய்ப் பார்த்துட்டு வா" என்றார் இன்ஜினியர். அன்று காலையெல்லாம் மருந்து டப்பா மாற்றிக்கொண்டிருந்தேன். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அரை மணி நேரக் காற்றில் மரத்துப்போன மூக்கு திரும்பி வந்திருந்தது. சட்டையும் கூடவே வந்திருந்தது, அதை நான் நினைத்துப்பார்க்கவில்லை.

சோதனைக் குழாயைத் திறந்து குனிந்தேன். நல்ல வாடை. இன்னொரு தடவை மோந்தேன், அதே வாடை. திருப்தியாக நிமிர்ந்தபோது அக்கா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, இந்த வாடை குழாய்ல இருந்து வருதா, உங்க மேல இருந்து வருதா?"

"எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்று சிரித்துவிட்டு, ஜன்னல் கட்டையிலேயே பதிவேட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பேனாகூட அவர் கொடுத்ததுதான்.

கேஸ் திறந்துவிட்ட பத்தொன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு அந்த வீட்டுச் சமையலறை வெடித்தது. அடுத்த அறையில் அக்கா மெஷின் சுவிட்சைப் போட்டிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் சட்டம் நடுத்தெருவில் கிடந்தது. பாதி தைத்த நீலத் துணி ஒன்று மின்கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் உடலைக் கொண்டுபோய்விட்டார்கள். டிரைவர் பஸ்ஸைப் பாதி வழியில் ஜனங்களோடு நிறுத்திவிட்டு, சீருடையோடு தெருவில் உட்கார்ந்திருந்தார்.

விசாரணை நடந்தது. ஸ்டவ்வுக்குப் பின்னால் குழாய் இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தது, ஆனால் அது வெடிப்பிலும் தளர்ந்திருக்கலாம். ஸ்டவ்வின் ஒரு திருகு பாதி திறந்திருந்தது, அதுவும் வெடிப்பில் திரும்பியிருக்கலாம். இரண்டில் எது என்று முடிவு செய்தது என் கையெழுத்து. இணைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருந்தால் வீட்டிலிருந்தவருக்கு வாடை தெரிந்திருக்கும், வாடை உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது, ஆகவே திறந்துகிடந்த திருகிலிருந்து ஒரே மூச்சில் நிறைந்திருக்கிறது என்று எழுதினார்கள். அன்று காலை கடைசியாக டீ போட்டது யார் என்று டிரைவரிடம் கேட்டார்கள். "நான்தான்" என்றார்.

மருந்து அளவு சரி, கையெழுத்து சரி என்று என்னை இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். வீட்டில் கிடந்தேன். இரண்டு நாளும் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். மூன்றாம் நாள் துவைத்த சட்டையோடு நேராக அந்தத் தெருவுக்கு மாதிரி எடுக்கப் போனேன். சோதனைக் குழாயைத் திறந்தேன். உஸ்ஸென்று கேஸ் வந்தது. மூக்கை ஒட்டி வைத்தேன். ஒன்றுமில்லை. வெறும் காற்றைவிடச் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று நான் மோந்தது என் சட்டையை.

யாரிடமும் சொல்லவில்லை. பயம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அறிந்த ஒரே தொழில். ஸ்டேஷனுக்குப் போய் மருந்து அளவைக் கூட்டி வைத்தேன். மூன்று வாரத்தில் அந்த முனையில் வாடை வந்துவிட்டது. மோந்து பார்க்கிற ஆள் அன்று ஸ்டேஷனுக்குள் கால் வைத்திருக்கக்கூடாது என்று ஒரு விதியை நானே எழுதிக்கொடுத்தேன். நல்ல யோசனை என்று பாராட்டி என் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். அந்தச் சுவர்ப் பக்கம் போகாமல் சுற்றிப் போக நான் பழகிக்கொண்டேன்.

ஆனால் அக்கா என்னை விடவில்லை. மருந்துக்கு நடுவே நிற்கும்போது எனக்கு எந்த வாடையும் தெரியாது. லீவு போட்டுக் குளித்து, சுத்தமாக எங்கேயாவது போய் உட்கார்ந்தால் வரும். பிள்ளையின் பள்ளிக்கூட வராந்தாவில் வரும். டாக்டர் அறையில் வரும். ஒருமுறை துணிக்கடையில் "கேஸ் லீக்!" என்று கத்தி இருநூறு பேரை வெளியே ஓடவிட்டேன். கருவியோடு வந்தவர்கள் முள் அசையவே இல்லை என்றார்கள். கூட்டத்தில் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும்போது என் தோளுக்குப் பின்னால், மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற குரலில், குழாய்ல இருந்து வருதா, உங்க மேல இருந்து வருதா என்று யாரோ கேட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். என் மனைவிதான் நின்றாள், அவள் வாய் திறந்திருக்கவில்லை.

"வாடையே இல்லீங்க. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றாள்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்திருந்தால் யாரையாவது கூட்டிவந்து ஓட்டியிருப்பேன். இதை யாரைக் கூப்பிட்டு ஓட்டுவது?

மாதம் ஒருமுறை டிரைவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். நல்ல மனசில் போகவில்லை. போகாவிட்டால் வாடை அதிகமாக வந்தது. சமையலறையைத் திரும்பக் கட்டியிருந்தார், அக்காவின் ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார். நான் அந்தச் சுவருக்கு முன்னால் உட்காரும் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் கொக்கி கழலும் சத்தம் கேட்கும். அவருக்குக் கேட்காது. அவர் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு டெப்போவில் கேட் வாட்ச்மேனாக இருந்தார். ஊர் இன்னும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. அவர் என்னிடம் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"தம்பி, திருகு பாதி திறந்திருந்தா அந்த ரூம்ல கேஸ் நிறையறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

நானும் கணக்காக ஒரு பதில் சொல்வேன். அவர் விரல் மடக்கி மணியைக் கூட்டிப் பார்ப்பார். "அப்போ நான் வீட்டை விட்டுக் கிளம்பின நேரம் சரியா இருக்கு" என்று தலையாட்டுவார். இப்படி இரண்டு வருடம் அந்த மனிதரின் தலையில் நானே கல்லை ஏற்றி வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தேன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால், ஒருநாள் காலை அவர் மகள் ஸ்டேஷன் கேட்டுக்கு வந்தாள். படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு இருக்கிறாள். ஜெராக்ஸ் கடையில் வேலை. கேட்டிலிருந்து நான் நின்ற இடம் நாற்பதடி இருக்கும், அதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

"சித்தப்பா, அப்பாவை நீங்கதான் சம்மதிக்க வைக்கணும்." கையில் புது இணைப்புக்கான விண்ணப்பம். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும் இடம் காலி. "வீட்ல இன்னும் விறகுதான். ஆஸ்பத்திரியில என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துட்டுத் திட்டுறாங்க. இந்தப் புகையிலேயே இருந்தா அடுத்த தடவை மூச்சுத் திணறி வந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க."

"கரண்ட் அடுப்பு வாங்கலாமேம்மா?"

"வாங்கினேன். அப்பா தூங்கவே இல்ல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் சுவிட்ச் அணைச்சிருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பார்த்தாரு. மூணாம் நாள் அவரே தூக்கிட்டுப் போய்த் திருப்பிக் கொடுத்துட்டாரு. நான் சமைக்கிறேன்னாலும் விடமாட்டேங்கிறாரு. விறகுன்னா தண்ணி ஊத்தினா அணைஞ்சுடும், கண்ணால பாக்கலாம், திருகு வேணாம்கிறாரு." அவள் பையிலிருந்து ஆஸ்துமா மருந்துக் குழலை எடுத்து இரண்டு தடவை உறிஞ்சினாள். "நீங்க சொன்னா கேப்பாரு சித்தப்பா. மாசாமாசம் வர்ற ஒரே ஆள் நீங்கதான்."

என் கையெழுத்து தாயை எடுத்தது போதாதென்று, நான் வாய்மூடி இருப்பது மகளையும் எடுக்கப்போகிறது என்று அப்போது நன்றாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

ஞாயிறு மதியம் குளித்துவிட்டு, பிரிக்காமல் வைத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். படியேறும்போதே புகை. மகள் வெளி அறையில் நாற்காலியின் முதுகைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு ஒவ்வொன்றும் விசில் அடித்தது. டிரைவர் சமையலறையில் ஊதுகுழலோடு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். பூசி இரண்டு வருடமான சுவர் கூரைவரை கறுத்திருந்தது.

"வாங்க தம்பி. விறகு ஈரம், அதான். இப்ப அடங்கிடும்."

"அண்ணே, கேஸ் போட்டுக்கோங்க. பொண்ணைப் பாருங்க."

"கேஸை நான் குறை சொல்லலையே. தெருவே நிம்மதியா சமைக்குது. என் கைதான் தம்பி ஆகாத கை." அவர் வலது கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ அம்மாவைக் கொன்ன கை, பொண்ணையும் கொல்லணுமா?"

அடைத்த சுவரில் கொக்கி கழன்றது. நன்றாகக் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் வாடையைக் குடிப்பதை, ஆறு நாளை, டப்பா மாற்றிய காலையை, சட்டையை, அக்கா கேட்டதை, நான் சிரித்ததை. பதிவேட்டில் எழுதிய இரண்டு வார்த்தையை. வெடித்த பிறகு வந்து மோந்தபோது ஒன்றுமே இல்லாமல் இருந்ததை. நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்கியிருக்கமாட்டேன்.

அவர் ஊதுகுழலைக் கீழே வைத்தார். வெளி அறையில் மகளின் மூச்சுச் சத்தம் மட்டும்.

"அப்போ அவளுக்கு வாடையே வரல."

"வரலண்ணே."

"வந்தும் அசட்டையா இருந்துட்டாளோன்னு ஒரு நினைப்பு இருந்துச்சு எனக்கு. மெஷின்ல உக்காந்தா அவளுக்கு உலகமே தெரியாது." அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தார். "சரி, திருகு? நான் மூடினேனா, இல்லையா?"

"தெரியாதுண்ணே. யாருக்கும் தெரியாது. திறந்தே கிடந்திருக்கட்டும். வீட்டுக்கு வீடு தினம் யாராவது மறக்கிறாங்க. மனுஷன் மறப்பான்னுதான் என்னை மாதிரி ஒரு ஆளை வெச்சு வாடை கலக்குறாங்க. வாடை மட்டும் இருந்திருந்தா அக்கா எழுந்து போய் மூடிட்டு, ஜன்னலைத் திறந்து விட்டுட்டு, சாயங்காலம் நீங்க வந்ததும் நாலு திட்டு திட்டியிருப்பாங்க. அவ்வளவுதான் நடந்திருக்கும்."

"நாலா?" என்றார் டிரைவர். "நாப்பது திட்டுவா." சிரிப்புதான் வந்தது அவருக்கு. பிறகு அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, அடுப்புச் சாம்பலில் முழங்கை படிய, வெகுநேரம் அழுதார். நான் தொடவில்லை. தொட எனக்கு உரிமை இல்லை.

அழுது முடித்து, ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மகள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என் பக்கம் திரும்பாமல் விண்ணப்பத்தை அப்பாவிடம் நீட்டினாள். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வலது கையாலேயே, பெயரின் கடைசி எழுத்துவரை முழுசாகப் போட்டார்.

நான் வாசல்வரை வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். பக்கத்தில் வந்து என் தோளருகே லேசாக மூச்சை இழுத்தார்.

"இன்னைக்கு உங்க மேல வாடையே இல்லையே."

"குளிச்சிட்டு, புதுச் சட்டை போட்டுட்டு வந்தேண்ணே."

"அன்னைக்கும் அப்படியே வந்திருக்கலாமே."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவரிடம் அஞ்சு நிமிஷம் முன்னால் வந்திருக்கலாமே என்று கேட்போமே, அந்தக் குரல். நான் படியிறங்கினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு, அவரிடம் சொன்னதை அப்படியே எழுதி மேலாளரின் மேஜையில் வைத்தேன். அன்றோடு அந்த வேலை முடிந்தது. இப்போது அந்த வீட்டில் கேஸ் எரிகிறதாம். முதல் நாள் புது ஆள் ஒருவர் குளித்துவிட்டு வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனாராம். தெருக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். அந்த வீட்டிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.